வழியும் நெறியும்

நெடுந்தொலைவு செல்லப் புறப்படுவோர் இந்நாளில் முதற்கண் கேட்கும் வினா, "எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்?" என்பதாகும். அதனை அடுத்துக் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்பது. இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டால், பயணத்தைப் பற்றி எண்ணவேண்டியவற்றை எல்லாம் எண்ணி முடித்துவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். செல்லும் இடம் மற்றொரு நகரமாயின், இவ்விரண்டும் போதுமானவையாக இருக்கலாம். செல்லும் இடம் மலையும் காடுமாயின், மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. "நாம் செல்லும் முறையால் அவ்விடத்திற்கும், அங்கு வாழும் உயிர்களுக்கும் என்ன நேரும்?" என்பதே அவ்வினா. இம்மூன்றையும் சேர்த்து எண்ணியே வழியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. அதனை விளக்குவதற்குச் சென்னை மாநகரிலிருந்து நீலகிரி மாவட்டத்தில் உள்ள முதுமலைக் காட்டிற்குச் செல்லும் பயணத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

மாணவர்களே! தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பது ஒரு பொருள். ஒழுகும் முறை என்பது மற்றொரு பொருள். 'நெறி' என்னும் சொல்லும் அத்தகையதே. கால் நடக்கும் பாதையையும், மனிதன் நடந்துகொள்ளும் முறையையும் ஒரே சொல்லால் வழங்கினர் நம் முன்னோர். வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாகவும் வளர்த்தனர். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகச் செல்க என்று எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டு என்னும் தொகுதியில் உள்ள பத்து நூல்களுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகவே அமைந்துள்ளன. அவற்றுள் மலைபடுகடாம் என்பது 583 அடிகளைக் கொண்டது. நன்னன் என்னும் குறுநில மன்னனின் மலைநாட்டிற்குக் கூத்தர்களை வழிப்படுத்துவது.

அந்நூலில் வழிகூறுவோன் விரைவைப் பெரிதாகப் பேசவில்லை, விழிப்பையே வற்புறுத்துகின்றான். பயிரை அழிக்கும் பன்றிகளுக்காகக் கானவர் கற்பொறிகளை அமைத்திருக்கும் இடங்களில், இருள் நீங்கி விடிந்த பின்னரே செல்லுமாறு அறிவுறுத்துகின்றான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் எங்கே வந்து விழும் என்று கூறுகின்றான். மலைவாணர் சிற்றூர்களில் எத்தகைய விருந்து கிடைக்கும் என்பதையும் சொல்கின்றான். மலை பிறர் வாழும் வீடு; அவ்வீட்டிற்குள் அதன் ஒழுங்கறிந்து நுழைதல் வேண்டும் என்னும் எண்ணம் அந்நூல் முழுவதும் ஊடுருவி நிற்கிறது. இன்று வழிகாட்டும் கருவி நம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. அது எந்த வளைவில் திரும்பவேண்டும் என்று பிழையின்றிச் சொல்கிறது. எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அதனை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் முதுமலைப் பயணம் பற்றிய பேச்சு எழுந்தது. என் மூத்த மகன் காரில் செல்லலாம் என்றான். இளையவன் விமானமே தக்கது என்றான். என் மனைவி, "பேருந்தில் சென்றால் என்ன?" என்று வினவினாள். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேத்தி, "தாத்தா, மலை இரயிலில்தான் போகவேண்டும்" என்று பிடிவாதமாக நின்றாள். நால்வரும் தத்தம் கட்சியை நிலைநாட்டும் பொறுப்பை ஏற்றனர். நடுவராக இருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்று கேட்டவற்றை இங்கே சுருங்கக் கூறுகிறேன்.

விமானம் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடும். கேட்பதற்கு இது மிக இனிது. ஆயினும், வீட்டிலிருந்து விமான நிலையத்திற்குச் செல்லும் நேரம், அங்கே முன்னதாகச் சென்று காத்திருக்கும் நேரம், இறங்கியபின் பெட்டிகளைப் பெறும் நேரம் ஆகியவற்றையும் கூட்டுதல் வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து உதகமண்டலம் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அதில் பிற்பகுதி மலைச்சாலை. ஆகவே, விமானத்தில் சென்றாலும் பாதி நாள் கழிந்துவிடுகிறது. செலவும் மிகுதி. ஓர் ஆளுக்கு எரியும் எரிபொருளின் அளவை நோக்கினாலும், இரயில்வண்டியைக் காட்டிலும் விமானம் பன்மடங்கு மிகுதியாகச் செலவிடுவது. உயிர்காக்கும் அவசரத்தில் விமானம் பெருந்துணை. யானையைக் காணச் செல்லும் ஓய்வுப் பயணத்தில் அத்தகைய அவசரம் யாதும் இல்லை.

காரில் செல்வதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வேண்டிய நேரத்தில் புறப்படலாம்; வேண்டிய இடத்தில் நிற்கலாம்; முதியோரையும் குழந்தைகளையும் வாயிற்படியில் ஏற்றி வாயிற்படியில் இறக்கலாம். ஐவர் சேர்ந்து சென்றால் செலவும் குறையும். ஆயினும், சென்னையிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். ஓட்டுபவர் ஒருவராயின், அவருக்கு அது பயணமாக இராது. பத்து மணி நேரத்திற்கு மேற்பட்ட உழைப்பாகவே இருக்கும். பலர் இரவு முழுதும் ஓட்டி, விடியற்காலையில் மலையடி சேர்ந்து, கண் எரிச்சலோடு மலையேறத் தொடங்குகின்றனர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையிலோ 36 வளைவுகள் உள்ளன. சமநிலத்தில் ஓட்டிப் பழகியவர், இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மிதிக்க மிதிக்க அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர் அனைவரும் அறிந்த பாடம். அதனை அறியாமலோ, அறிந்தும் மறந்தோ உயிர் இழந்தவர் பலர்.

பேருந்தின் சிறப்பு வேறு. மலைச்சாலையில் நாள்தோறும் ஓட்டிக் கைதேர்ந்தவர் அதனை ஓட்டுகிறார். கட்டணம் குறைவு. மலைவாழ் மக்கள் தங்கள் காய்கறி மூட்டைகளுடனும், பள்ளிப்பிள்ளைகள் தங்கள் புத்தகப் பைகளுடனும் நம் அருகே அமர்கின்றனர். அவர்கள் பேச்சைக் கேட்டாலே அந்நாட்டின் செய்தி பாதி விளங்கிவிடும். குறை யாதெனில், இரவு முழுதும் அமர்ந்தே செல்லும்போது முதுகும் முழங்காலும் நோகின்றன. வளைவுகளில் சிலருக்குக் குமட்டலும் உண்டாகிறது.

இரயில்வண்டியோ இரவில் நாம் உறங்கும்பொழுது நமக்காக விழித்திருந்து ஓடுகிறது. நீலகிரி விரைவு வண்டி இரவில் சென்னையிலிருந்து புறப்பட்டு, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. அங்கிருந்து காலை ஏழு மணியளவில் மலை இரயில் புறப்பட்டு, நண்பகலில் உதகையைச் சேர்கிறது. 46 கிலோமீட்டர் தொலைவை ஏறுவதற்கு அதற்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. அதாவது, மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். "மிதிவண்டியில் போகிறவன் நம்மை முந்திவிடுவான்" என்று மூத்த மகன் நகைத்தான். நகைக்கத்தக்கதுதான். ஆயினும், அவ்வேகக் குறைவிற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தால் நகைப்பு வியப்பாக மாறும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில் உள்ளது. இம்மலையில் இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் 1854ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பணி தொடங்கியதோ 1891ஆம் ஆண்டில். 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் பாதை முற்றுப்பெற்றது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை உள்ள பகுதியே மிகச் செங்குத்தானது. அங்கே ஏறத்தாழ 12 அடி முன்னேறினால் ஓர் அடி மேலேறவேண்டும். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் அத்தகைய ஏற்றத்தில் வழுக்கும். ஆதலின், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டைப் பட்டைகளைப் பதித்துள்ளனர். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவர் கண்ட முறை இது. மலையேறும்போது எஞ்சின் வண்டிக்கு முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. பெட்டிகள் நழுவிப் பின்னோக்கி ஓடாவண்ணம் காக்கும் ஏற்பாடு அது. 16 சுரங்கங்களும், 200க்கு மேற்பட்ட வளைவுகளும், 250 பாலங்களும் அப்பாதையில் உள்ளன. 2005ஆம் ஆண்டில் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

விரைவாகச் செல்வோர் காணாத ஒன்றை இவ்வண்டியில் செல்வோர் காண்கின்றனர். அது மலை மாறிவரும் வரிசை. கல்லாற்றில் பாக்குத் தோப்புகள் நிழல் பரப்புகின்றன. காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. சிறிது ஏறியதும் அடர்ந்த காடு இருபுறமும் சூழ்கிறது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நீர் பிடிப்பதற்காக நிற்கும்போது, குரங்குகள் நம்மைப் பார்வையிட வருகின்றன. குன்னூரை அடைந்ததும் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரிக்கின்றன. கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக வெட்டிய வயல்களில் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. ஆயிரம் மீட்டர் மேலேறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று புவியியல் பாடத்தில் படிக்கிறீர்கள் அன்றோ? அப்பாடத்தை இங்கே உடலே படித்துக்கொள்கிறது. கல்லாற்றில் வியர்த்தவர் அரவங்காட்டில் சால்வையைத் தேடுகின்றார். மலைச்சரிவின் மடிப்புகளில் ஒளிந்து வளரும் குறுங்காடுகளை அறிவியலார் உலகெங்கும் 'சோலா' என்றே வழங்குகின்றனர். அது நம் 'சோலை' என்னும் சொல்லே என்பதைப் பேத்திக்குச் சொன்னேன். அவள் அதன்பின் சன்னலை விட்டு அகலவில்லை.

இதுவரை கூறியவை நம் நன்மையை நோக்கிக் கூறியவை. இனி மூன்றாவது வினாவிற்கு வருவோம். அவ்வினா எனக்குத் தோன்றியது புத்தகத்தால் அன்று. நான் செய்த ஒரு பிழையால்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் சிலருடன் காரில் அக்காட்டுச் சாலை வழியே சென்றுகொண்டிருந்தேன். மாலை நேரம். சாலையின் ஒருபுறம் புதருக்குள் யானைக்கூட்டம் ஒன்று நிற்பதைக் கண்டு, "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்று கூவியவன் நானே. எங்கள் கார் நின்றதைக் கண்டு பின்னால் வந்தவையும் நின்றன. சிறிது நேரத்தில் பத்துக் கார்கள் வரிசையாக நின்றன. சிலர் இறங்கினர், சிலர் படம் எடுத்தனர், ஒருவர் ஒலிப்பானை அழுத்தினார். கூட்டத்தில் கன்று ஒன்று இருந்தது. மூத்த பெண்யானை இரண்டு அடி முன்வைப்பதும் பின்வாங்குவதுமாக நின்று, காதுகளை விரித்துப் பிளிறியது. அதனை எங்களுக்கென நிகழ்ந்த காட்சியாகவே எண்ணி நாங்கள் மகிழ்ந்தோம். அப்பொழுது அவ்வழியே வந்த வனக்காவலர் ஒருவர் எங்களை அணுகினார். அவர் சினந்து பேசவில்லை. சாலையின் மறுபுறத்தைக் காட்டி, "ஐயா, ஆறு அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் பார்ப்பதற்காக நிற்கிறீர்கள். அவை தண்ணீருக்காக நிற்கின்றன. கன்று நிற்கமாட்டாமல் தள்ளாடுகிறது, பாருங்கள்" என்றார்.

நான் நாணித் தலைகுனிந்தேன். பிறர் வீட்டு வாயிலை மறித்து நின்றுகொண்டு, அவ்வீட்டாரின் தாகத்தை வேடிக்கை பார்த்தவன் ஆனேன். அடக்கமுடைமையும் அருளுடைமையும் வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்தியவன் நான். அன்று அக்காட்டுச் சாலையில் அவற்றை எனக்கு நடத்தியவர் அக்காவலர். அங்கிருந்து கார்கள் நகர்ந்த பின்னர், அக்கூட்டம் கன்றை நடுவில் வைத்துச் சாலையைக் கடந்ததை மரங்களின் இடையே திரும்பிப் பார்த்தேன். அன்றுமுதல் காட்டிற்குள் செல்லும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு தடையாகவே எண்ணிப் பார்க்கப் பழகினேன்.

முதுமலை 1940ஆம் ஆண்டிலேயே வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆயிற்று. அதன் பரப்பு 321 சதுர கிலோமீட்டர். அதனை அடுத்துக் கர்நாடகத்தின் பந்திப்பூரும், கேரளத்தின் வயநாடும் இருக்கின்றன. மாநில எல்லைகள் மனிதர் வரைந்தவை. யானைக்கு மூன்றும் ஒரே காடு. பருவந்தோறும் நீரையும் புல்லையும் நாடி அது ஒரு காட்டிலிருந்து மறு காட்டிற்குச் செல்கிறது. அது செல்லும் வழியை வலசைப்பாதை என்பர். சீகூர்ப் பகுதியில் அத்தகைய பாதையின் குறுக்கே விடுதிகளும் வேலிகளும் எழுந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. யானை வழித்தடத்தைக் காக்க அரசு எடுத்த நடவடிக்கை செல்லும் என்று 2020ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, வழி என்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று. விலங்கிற்கும் வழியுரிமை உண்டு என்பது இன்று நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட உண்மை.

பந்திப்பூர்க் காட்டின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஊர்திகள் செல்லுதற்கு 2009ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. நோயாளர் ஊர்திகளுக்கும், குறித்த சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இரவில் ஊர்திகளின் விளக்கொளியில் கண்கூசித் திகைத்து நின்ற மான்களும் பிற விலங்குகளும் அடிபட்டு மாண்டதே அத்தடைக்குக் காரணம். விடிந்தபின் செல்க என்று மலைபடுகடாம் கூறியதும், இரவில் செல்லாதே என்று இந்நாளைய ஆணை கூறுவதும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள். அன்று மலையில் உள்ள பொறியிலிருந்து வழிப்போக்கனைக் காக்கவேண்டியிருந்தது. இன்று வழிப்போக்கனின் பொறியிலிருந்து மலையைக் காக்கவேண்டியிருக்கிறது.

மலைமீது வாழும் மக்களின் துன்பமும் எண்ணத்தக்கது. கோடையில் உதகைச் சாலைகளில் கார்கள் அடுத்தடுத்து நின்றுவிடும். மருத்துவமனைக்குச் செல்லும் கருப்பவதியும், தேர்விற்குச் செல்லும் மாணவனும் அவ்வரிசையில் சிக்கித் தவிப்பர். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் ஊர்திகள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 ஊர்திகளும், வார இறுதி நாள்களில் 8,000 ஊர்திகளும் மட்டுமே வரலாம் என்று வரம்பும் வகுக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் இரயிலிலும் வருவோருக்கு அவ்வரம்பு இல்லை. ஏன் இல்லை என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். ஒரு பேருந்தில் 50 பேர் செல்கின்றனர். அதே 50 பேர் நால்வர் நால்வராகக் காரில் சென்றால் 13 கார்கள் வேண்டும். மலைச்சாலையை அகலப்படுத்த வேண்டுமாயின் மலையை வெட்டவேண்டும், மரங்களை வீழ்த்தவேண்டும், வெட்டிய சரிவு மழையில் இடிந்து விழும். மனிதர் வருகையைத் தடுக்காமலே மலையின் சுமையைக் குறைப்பதற்குப் பலர் ஒரே வண்டியில் செல்வதே சிறந்த வழி.

இக்கருத்திற்கு எழும் தடைகளை நான் அறியாதவன் அல்லேன். எங்கள் வீட்டிலேயே அவை எழுந்தன. "மலை இரயிலில் இடம் கிடைப்பது அரிது, பல நாள்களுக்கு முன்னரே பதிவு செய்யவேண்டும்" என்றான் மூத்த மகன். உண்மையே. "ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து வண்டி அடிக்கடி நின்றுவிடும்" என்றான் இளையவன். அதுவும் உண்மை. "மலை இரயிலின் எஞ்சினும் புகைவிடுவதுதானே?" என்று பேத்தியே கேட்டாள். அவள் கேள்வியையும் நான் ஒதுக்கவில்லை. புகை உண்டு, எனினும், அப்புகை ஒரு குடும்பத்தின் பொருட்டு எழுவதன்று, பல பெட்டி மக்களின் பொருட்டு எழுவது. மேலும், நோயாளியையோ, நடக்கவியலாத முதியோரையோ, கைக்குழந்தையையோ உடன் அழைத்துச் செல்வோர்க்குக் கார் இன்றியமையாததாக இருக்கலாம். அவர்களைக் குறைகூறுதல் அறமாகாது. மலைநாட்டில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களும் பல. கீழிருந்து கார் கொண்டுவராதவர், மேலே அவர்களுடைய காரை அமர்த்திக்கொள்வதும் உண்டு. பேருந்துகளைப் பெருக்குவதும், இரயிலில் இடங்களைக் கூட்டுவதும் அரசின் கடமை. அவை பெருகாவிடின், "காரில் வாராதீர்" என்று மக்களுக்கு அறிவுரை கூறுவது பாதி நீதியே ஆகும்.

இறுதியாக மூத்த மகன் கேட்ட வினாவே கடினமானது. "அப்பா, நாம் ஒருவர் காரை விடுத்துச் சென்றால் மலை பிழைத்துவிடுமா? 6,000 கார்களில் ஒன்று குறைவதால் என்ன பயன்?" என்றான். சிறிது நேரம் எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர் அந்த மாலையை நினைந்தேன். அன்று பத்துக் கார்கள் நின்றன. பத்தும் ஒருங்கே நிற்கவில்லை. முதலில் நின்றது ஒன்றே. அது நான் நிறுத்தச் சொன்ன கார். ஒன்று நின்றதால் பத்து நிற்கும் என்றால், ஒன்று விலகினால் பிறவும் விலகலாம் என்று நம்புவதற்கு இடமுண்டு. அவ்வாறு விலகாமற் போயினும், அந்த ஒன்றின் பழி நம்முடையதாகாது. "என் பங்கு சிறிது" என்று சொல்லி விலக்கிக்கொள்ளத்தக்கதன்று கடமை. சிறிதாயினும் அது நம் பங்கே.

என் மகன் அதனை முழுதும் ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். எனினும், அம்முறை காரை வீட்டில் நிறுத்திவிட்டு வர இசைந்தான். இரயிலில் மேட்டுப்பாளையம் சென்றோம். மலை இரயிலில் உதகை ஏறினோம். மறுநாட் காலை கூடலூர் வழியாக மைசூர் செல்லும் பேருந்தில் ஏறித் தெப்பக்காட்டில் இறங்கினோம். காரில் சென்றிருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சேர்ந்திருப்போம். எனக்கு முதுகு நொந்தது. இளையவனுக்கு வளைவுகளில் தலை சுற்றியது. இவற்றை மறைக்கவேண்டியதில்லை. வனத்துறையின் வண்டியில் பலருடன் அமர்ந்து காட்டைச் சுற்றினோம். மான்களைக் கண்டோம், காட்டெருமை ஒன்றைக் கண்டோம், யானையைக் காணவில்லை. "இவ்வளவு தூரம் வந்தும் யானையைக் காணவில்லையே!" என்று ஒருவர் வருந்தினார். என் பேத்தி என்னை நோக்கி, "அவை தண்ணீர் குடிக்கப் போயிருக்கும், தாத்தா" என்று மெல்லச் சொன்னாள். அச்சொல்லைக் கேட்கவே அத்தனை தொலைவு வந்தேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மாணவர்களே! நாளை நீங்கள் சம்பாதிப்பீர்கள். விரும்பிய ஊர்தியை வாங்குவீர்கள். நாங்கள் காணாத மலைகளையும் காண்பீர்கள். அப்பொழுது நேரத்தையும் செலவையும் கணக்கிடுங்கள். அவற்றைக் கணக்கிடாதிருத்தல் அறிவுடைமை ஆகாது. அவற்றோடு மூன்றாவது வினாவையும் கேளுங்கள். பலருடன் செல்லக்கூடிய வண்டி இருப்பின், அதனைத் தேர்ந்துகொள்ளுங்கள். தனி ஊர்தியில் செல்லவேண்டிய நிலை நேரின், பகலில் செல்லுங்கள், காட்டுச் சாலையில் நிற்காதீர்கள், ஒலி எழுப்பாதீர்கள், உணவையோ குப்பையையோ எறியாதீர்கள். செல்லும் வழி செல்லும் இடத்தைக் கெடுக்காதவாறு செல்லுதலே நன்னெறி. வழி, நெறி என்னும் இரண்டையும் ஒன்றாகக் கண்ட மொழியைப் பேசும் நாம், நடக்கும்போதும் அவ்விரண்டையும் பிரிக்காதிருப்போமாக.